ஜிம் பணமும் ஒரு முதுகுவலி எம்.சி.யும்

பயனீட்டாளர் சங்கத்தின் புகார் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். யார் என்று சொல்லப் போவதில்லை, அவருக்கே தெரியும். "அக்கா, ஜிம் கேஸ் ஒண்ணு வந்திருக்கு. கட்டுன ஜாயினிங் ஃபீயத் திருப்பிக் கேக்குறாங்க. ஆனா ரீசன் அவ்வளவு ஸ்டிராங்கா இல்லக்கா. எடுக்கவா, விட்டுடவா?" என்றார். அப்போது நான் அடுப்பில் சம்பால் கிளறிக்கொண்டிருந்தேன். "எடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அப்படியும் சம்பால் அடிபிடித்துவிட்டது. அதற்கும் சேர்த்து இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரீசன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நம் மேசைக்கு வருகிறவர்கள் கையில் ரசீது இருக்கிறதோ இல்லையோ, வாயில் ஒரு சோகக் கதை இருக்கும். பிள்ளையின் டியூஷனை நிறுத்த வேண்டும் என்பார்கள், கூடவே மாமனாரின் சர்க்கரை வியாதியையும் சொல்வார்கள். ஆங்கில வகுப்பை ரத்து செய்ய வந்த ஒரு மனிதர், முதலில் வேலை போய்விட்டது என்றார். டீ வாங்கிக் கொடுத்ததும், ஈப்போவுக்கு மாற்றலாகிறது என்றார். எழுந்து போகும்போது, "அந்த டீச்சர் ரொம்பப் பேசுறாரு லா, தாங்க முடியல" என்றார். மூன்றில் ஒன்றைக்கூட அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஜிம், டியூஷன், நடன வகுப்பு என்று இனிமேல் தொடர்ந்து கிடைக்கப்போகும் சேவைக்கு முன்பணம் கட்டியிருந்தால், பயனீட்டாளர் அதை ரத்து செய்யலாம். கடைக்காரர், சட்டம் அனுமதிக்கும் சிறு பங்கையும், ஏற்கெனவே பயன்படுத்தியதற்கான மதிப்பையும், எடுத்துக்கொண்ட பொருளின் விலையையும் மட்டும் பிடித்துக்கொள்ளலாம். மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஜாயினிங் ஃபீ என்று தனிப் பெயர் வைத்துவிட்டால் அது வேறு பணம் ஆகிவிடாது. 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்தக் கையெழுத்து சட்டத்தை மீறி நிற்காது. இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். பயிற்சியில் யாரும் அழுத்திச் சொல்லாத ஒன்றை மாலதியின் கதை எனக்குக் காட்டியது.

மாலதி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. சுங்கை பினாங் ஃபிளாட்டில் குடியிருந்தார். பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் லைன் லீடர். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். டவுனில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ஜிம்மில் ஜாயினிங் ஃபீயோடு ஒரு வருடப் பணத்தையும் மொத்தமாகக் கட்டியிருந்தார். கொஞ்ச நாள் போய்விட்டு நிறுத்திவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மெடிக்கல் ரீசன் இருந்தால் மட்டும்தான், எம்.சி. கொண்டுவாருங்கள், பார்க்கலாம்" என்றார்களாம். இவரும் ஒரு கிளினிக்கில் எம்.சி., அதாவது டாக்டரின் மருத்துவ விடுப்புச் சான்றிதழ், வாங்கிக் கொடுத்தார். முதுகுவலி என்று எழுதியிருந்தது. ஒரு நாள் எம்.சி. போதாது என்று ஜிம்காரர்கள் அதையும் தள்ளிவிட்டார்கள். அதன்பிறகுதான் நம் மேசைக்கு வந்தார்.

எம்.சி.யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபேக்டரியில் வேலை பார்த்த குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புரியும். லைனில் நிற்கிறவருக்கு எம்.சி. இல்லாமல் எதுவும் நடக்காது. காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தாலும் எம்.சி. இல்லாவிட்டால் அது காய்ச்சல் இல்லை. அதே நேரத்தில் கல்யாணத்துக்குப் போக வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றாலும் கடைசியில் ஒரு வயிற்றுவலி எம்.சி.தான் கைகொடுக்கும். பல வருடம் இப்படி வாழ்ந்தவரிடம் போய் எம்.சி. கொண்டுவா என்றால் அவர் யோசிக்கவே மாட்டார், கிளினிக்குக்குத்தான் போவார். அந்த முதுகுவலியை நானும் நம்பினேன். நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

ஜிம்முக்கு எழுதினோம், பதில் இல்லை. பயனீட்டாளர் வழக்குகளுக்கான நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிவு செய்தோம், விசாரணைக்கு நாள் வந்தது. அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, பயனீட்டாளர் தானே பேச வேண்டும். நம்மைப் போன்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் ஒரு மணி நேரம் சொல்வார்.

அன்று நாங்கள் போனபோது ஜிம் மேனேஜர் வராந்தாவில் காத்துக்கொண்டிருந்தார். நல்ல உடற்கட்டு, சட்டை தோளில் பிதுங்கியது. அவருக்குப் பக்கத்தில் ஜிம்மில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். தர்ஷினி என்று வைத்துக்கொள்வோம். மாலதியை ஜிம்மில் சேர்த்துவிட்டவளே அவள்தான். மாலதி குடியிருந்த அதே புளோக்கில் இரண்டு மாடி கீழே அவள் வீடு. சாட்சியாக அழைத்து வந்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே புரிந்தது. மாலதியைக் கண்டதும், "அக்கா, சோரிக்கா, வேலை லா" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். ஜிம் கதவில் கார்டு தட்டி உள்ளே போன விவரம் அது. எம்.சி. எடுத்த அதே நாள் சாயங்காலம் மாலதி ஜிம்முக்குள் போயிருக்கிறார். "முதுகுவலி என்று எம்.சி. எடுத்தவர் அன்றைக்கே ஜிம்முக்கு வந்திருக்கிறார். குனிந்து லாக்கரைத் திறந்ததை இந்தப் பெண் பார்த்திருக்கிறாள். கோரிக்கையை இப்போதே மீட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எம்.சி. பொய் என்று உள்ளே சொல்வேன். ஃபேக்டரிக்கும் எழுதுவேன்" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவரை எப்படியும் சமாளித்துவிடலாம்.

மாலதியின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. எங்களைக் கூப்பிட இன்னும் இரண்டு கேஸ்தான் பாக்கி. அவரைப் படிக்கட்டுப் பக்கம் அழைத்துப் போனேன்.

அங்கே நான் கேட்டது ஒரே கேள்வி. "இந்த எம்.சி.ய ஃபேக்டரியில குடுத்தியா?"

"இல்லக்கா. அன்னிக்கு எனக்கு ஓஃப் டே. ஜிம்முக்குக் காட்ட மட்டும்தான் எடுத்தேன். சாயங்காலம் ஷூவையும் துண்டையும் எடுத்துக்கலாமேன்னு போனேன். அதுதான்."

எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஃபேக்டரியை ஏமாற்றவில்லை என்றால் மேனேஜரின் மிரட்டலில் பாதி காற்றுதான். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொல்லத் தொடங்கினார்.

"முதுகுவலி பொய்க்கா. நான் முழுகாம இருக்கேன். ஒடம்பைக் கொறைச்சா தங்கும்னு டாக்டர் சொன்னாருன்னுதான் ஜிம்முலயே சேர்ந்தேன். ஓவர்டைம் செஞ்ச காசு அவ்வளவும் போட்டேன். சேர்ந்து கொஞ்ச நாள்லயே தெரிஞ்சிருச்சு. இப்ப டாக்டர் ஓவர்டைமும் வேணாங்குறாரு. அந்தக் காசு இருந்தா எனக்கு ஒதவும்."

"நல்ல விஷயம்தானே மா, அதைச் சொல்லியிருந்தா..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சொல்ல முடியாதுக்கா. போன தடவ சந்தோஷத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். அது நிக்கல. அப்பறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. மைலோ டின், பழம்னு தூக்கிட்டு வந்து ஒக்காந்து, 'என்ன ஆச்சு, எப்படி ஆச்சு'ன்னு கேட்டாங்க. நல்ல மனசுலதான் வந்தாங்க, தப்பு சொல்லக் கூடாது. ஆனா கதவு தட்டுற சத்தம் கேட்டாலே பாத்ரூம்ல போய் ஒக்காந்துக்குவேன். இந்தத் தடவ மூணு மாசம் தாண்டுற வரைக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும்தான். மாமியாருக்கே தெரியாது. இப்ப ஒங்களுக்குச் சொல்லிட்டேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது ஏதோ தவறிக் கீழே போட்டுவிட்டவரைப் போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்னைச் சுட்டது.

உள்ளே தர்ஷினி உட்கார்ந்திருப்பாள். அவள் கெட்ட பெண் இல்லை. ஆனால் அவள் அம்மா காலையில் புளோக்குக்குக் கீழே நாசி லெமாக் சோறு விற்கிறார். அந்த அம்மாவின் காதில் விழுந்தால், பொட்டலம் வாங்க வருகிற எல்லோருக்கும் சேதி போய்விடும். நல்ல மனதோடுதான் போகும்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். படிக்கட்டில் நிற்கிறீர்கள், எந்த நிமிடமும் பெயரைக் கூப்பிடுவார்கள். உண்மையைச் சொல்லச் சொன்னால் கேஸ் அப்போதே முடிந்துவிடும். பிள்ளைத்தாய்ச்சியிடம் ஜிம் பணத்தைத் தர மாட்டேன் என்று எந்த மேனேஜரும் நடுவர் மன்றத்தில் சொல்ல மாட்டார். இவ்வளவு வலுவான காரணம் என் மேசைக்கு வந்ததே இல்லை. ஒரு நொடி எனக்கு ஆசையாகவே இருந்தது. ஜெயிக்கிற சீட்டு கையில் இருக்கும்போது போடாமல் வைத்திருக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அது என் சீட்டு இல்லை.

எம்.சி.யைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இன்னொரு வழி. கார்டு விவரத்தைக் காட்டினால் ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் சொல்ல வேண்டியிருக்கும். நடுவர் முன்னால் பொய் சொல்லச் சொல்லி நான் யாருக்கும் யோசனை தரமாட்டேன், நீங்களும் தராதீர்கள். கோரிக்கையை மீட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அப்படிப் போனால் மிரட்டினால் வேலை நடக்கும் என்று மேனேஜர் அடுத்த ஆளிடமும் இதையே செய்வார்.

"இங்க பாரு மாலதி. ஜிம்ம விட்டு நிக்கிறதுக்கு நீ காரணம் சொல்லணும்னு சட்டத்துல இல்ல. எம்.சி. கேட்டது அவங்க. சட்டம் கேக்கல. உள்ள போனதும், அவங்க வாயத் தெறக்குறதுக்கு முன்னால நீயே சொல்லிடு. இந்த எம்.சி.ய நம்பி நான் கேக்கல, அதைத் திருப்பி எடுத்துக்குறேன், நான் ரத்து பண்றேன், அவ்வளவுதான்னு சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

"கேக்கலாம். கேக்குறவங்க மனுஷங்கதானே. சொல்லணுமான்னு நீ திருப்பிக் கேளு."

"அப்படியெல்லாம் கேக்கலாமாக்கா?" என்றார் மாலதி. அந்தக் குரலில் இருந்த சந்தேகத்தை நான் மறக்கவில்லை. கழிவறைக்குப் போகக்கூடக் கை தூக்கி, தன் இடத்தில் ஆள் வைத்துவிட்டுப் போகிற வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதே இல்லை.

கேட்கலாம் என்றேன். எனக்கும் முழு நிச்சயம் இல்லை. சட்டம் தெரியும், விசாரிக்கப்போகும் மன்றத் தலைவரின் குணம் தெரியாதே. பொய் எம்.சி. என்றதும் கோபப்பட்டு எல்லாவற்றையும் சந்தேகிக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. அதை மாலதியிடம் காட்டிக்கொள்ளவில்லை.

பெயரைக் கூப்பிட்டார்கள். தலைவர் ஒரு மலாய் அம்மையார், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். மாலதி எழுந்து நின்றார். அவர் மலாய் நன்றாகப் பேசுவார். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை விட்டுவிட்டுத் தன் பாணியில் சொன்னார்.

"புவான், ஜிம்மில் எம்.சி. கேட்டார்கள், அதனால் கொடுத்தேன். எனக்கு முதுகுவலி இல்லை. அந்த எம்.சி.யை நான் இன்றைக்குப் பயன்படுத்தவில்லை. அது தப்பு, மன்னிக்க வேண்டும். ஆனால் நான் ஜிம்மை விட்டு நிற்கிறேன். அது உண்மை."

மேனேஜர் கையிலிருந்த தாளைப் பாதி தூக்கியவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். எதைக் காட்டி அடிக்க வந்தாரோ அதை மாலதியே கீழே போட்டுவிட்டார். தலைவர் கண்ணாடிக்கு மேலே மாலதியைப் பார்த்தார்.

"அப்படியென்றால் ஏன் நிற்கிறீர்கள்?"

நான் பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். தர்ஷினி தலையைத் தூக்கினாள். அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை. மாலதி தலைவரை நேராகப் பார்த்தார்.

"நான் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா, புவான்?"

தலைவர் பேனாவை மேசையில் வைத்தார். மாலதியைப் பார்த்தார், பிறகு மேனேஜரைப் பார்த்தார். பிறகு, "வேண்டாம், சொல்ல வேண்டாம்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருட வேலையில் பெரிய கேஸ்கள் ஜெயித்தபோதுகூட எனக்கு அழுகை வந்ததில்லை.

மேனேஜர் விடவில்லை. ஒப்பந்தத்தில் மெடிக்கல் காரணம் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறது, கையெழுத்தும் போட்டிருக்கிறார், ஜாயினிங் ஃபீ எந்த நிலையிலும் திரும்பாது என்றார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டத்தில் அந்த நிபந்தனை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். இல்லாததை அவர் எப்படிக் காட்டுவார்? சட்டம் அனுமதிக்கும் பங்கையும் போய் வந்த நாட்களின் மதிப்பையும் கழித்துக்கொண்டு, ஜாயினிங் ஃபீ உட்பட மீதியைக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்ப்பானது. மாலதிக்கும் திட்டு கிடைத்தது. இனிமேல் யார் கேட்டாலும் இல்லாத வலிக்கு எம்.சி. வாங்காதீர்கள், அது உங்களைத்தான் கடிக்கும் என்று தலைவர் கண்டித்துச் சொன்னார். மாலதி பள்ளிப் பிள்ளை மாதிரி தலையாட்டினார்.

கீழே போகும் லிஃப்டில் நாங்கள் நான்கு பேரும் ஒன்றாக மாட்டிக்கொண்டோம். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தர்ஷினிக்கு அடக்க முடியவில்லை. மெதுவாக மாலதியின் பக்கம் சாய்ந்து, "கோவிச்சுக்காதீங்கக்கா, என்கிட்ட மட்டும் சொல்லுங்க. உண்மையில ஏன்க்கா நிறுத்துனீங்க?" என்றாள்.

மாலதி என்னைப் பார்க்கவில்லை. லிஃப்ட் கதவைப் பார்த்தபடி, "சும்மா லா" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். தர்ஷினியும் கூடச் சிரித்துவிட்டாள். மேனேஜர் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆகவே, போன் செய்த அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேன். உன் மேசைக்கு வந்தவருக்கு ரீசன் ஸ்டிராங்காக இருக்கிறதா என்று எடைபோடாதே. எவ்வளவு கட்டினார், எப்போது கட்டினார், எத்தனை தடவை போனார், எழுத்தில் ரத்து செய்தாரா என்று கேள். இதுவரை யாரிடம் என்ன கொடுத்திருக்கிறார், அது உண்மையா என்றும் கேள். இதில் கூச்சப்படாதே, அங்கேதான் கேஸ் கவிழும். அதைத் தாண்டி, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். சொன்னதை மேசையோடு விட்டுவிடு. நானும் இத்தனை காலம் விட்டுவைத்துத்தான் இப்போது எழுதுகிறேன், அதுவும் பெயரையும் அடையாளத்தையும் மாற்றி.

இதைப் படித்ததும் உங்களில் யாராவது ஒருவர், "அப்பறம் என்னக்கா ஆச்சு? கொழந்த பொறந்துச்சா?" என்று கேட்பார்.

ரொம்ப நாள் கழித்து ஜெலுத்தோங் பாசாரில் மாலதியைப் பார்த்தேன். தனியாக மீன் வாங்கிக்கொண்டிருந்தார். பணம் வந்துவிட்டது என்றார், வேலை அப்படியேதான் போகிறது என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவும் இருந்தார், கொஞ்சம் களைப்பாகவும் இருந்தார். கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, இது நேற்றைய மீன், அந்தத் தட்டில் எடு என்றேன். அவரும் அந்தத் தட்டிலிருந்தே எடுத்தார். நான் கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.